வரட்டும் ஆய்வுக்குழு!

“அடுத்த மாதம் என்.க்யூ.ஏ.எஸ். ஆய்வு”, அதாவது தேசியத் தரச் சான்றுக்கான ஆய்வு, என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் ஆரம்ப சுகாதார நிலையம் முழுக்கப் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. சுவருக்குப் புதுப் பெயின்ட், வாசலுக்குப் பூந்தொட்டி, பழைய பதிவேடுகளைத் தேடி ஓட்டம். சிஸ்டர், எதற்கு இந்தப் பயம்? நள்ளிரவில் வலியெடுத்து வந்த பெண்ணுக்குத் துணையாக நின்று பிரசவம் பார்த்த கை உங்களுடையது. அப்போது நடுங்காத கை, மதிப்பெண் தாளோடு ஒருவர் வந்து நின்றால் மட்டும் நடுங்கலாமா?

வருபவர்கள் என்ன செய்வார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். கண்ணால் பார்ப்பார்கள். ஊழியரிடம் கேட்பார்கள். பதிவேட்டைப் புரட்டுவார்கள். நோயாளியிடம் விசாரிப்பார்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். சான்றிதழுக்கு ஒட்டுமொத்தமாக 70 சதவீதம் வேண்டும். அதற்கு மேலும் சில நிபந்தனைகள் உண்டு. நூற்றுக்கு நூறு யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்த நான்கு வழிகளில் எதற்கும் புதுப் பெயின்ட் உதவாது. அன்றாடம் நீங்கள் செய்த வேலைதான் உதவும்.

தடுப்பூசி அறைக்கு வாருங்கள். தடுப்பூசிகளைக் குளிரில் வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியின் மேல் ஒரு வெப்பநிலைப் பதிவேடு இருக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஞாயிறும் பண்டிகையும் பார்க்காமல் எழுத வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில இடங்களில் இந்தப் பதிவேட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே 4 டிகிரி! ஆய்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து எழுதியது என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. அது வெறும் கட்டம் நிரப்பும் வேலை அல்ல. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும். பிறகு உருகி, பழையபடி மருந்தாகவே காட்சி தரும். தாய் நம்பிக்கையோடு குழந்தையின் தொடையை நீட்டுவாள், ஊசி ஏறும், பாதுகாப்பு ஏறாது. உங்கள் பதிவேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 9 டிகிரி என்று எழுதி, பக்கத்தில் “மின்தடை, மருத்துவ அலுவலரிடம் தெரிவிக்கப்பட்டது” என்று குறித்திருந்தால் தலையைக் குனியாதீர்கள். அந்த ஒரு வரி, பொய்யான முப்பது ‘4 டிகிரி’களைவிட மேலானது. ஆய்வாளரின் கண்ணைப் பார்த்து எடுத்துக் காட்டுங்கள்.

ஆய்வாளர் அடுத்து யாரிடம் பேசுவார் தெரியுமா? மருத்துவரிடம் மட்டுமல்ல, துடைப்பத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்கிறாரே, அந்தத் தூய்மைப் பணியாளரிடமும்தான். “அம்மா, ரத்தம் தோய்ந்த பஞ்சை எந்தப் பையில் போடுவீர்கள்?” “மஞ்சள்.” “ஐ.வி. செட்?” “சிவப்பு.” “ஊசி?” “வெள்ளை டப்பா. குத்தினாலும் ஓட்டை விழாதது.” “உடைந்த கண்ணாடி மருந்துக் குப்பி?” “நீலம்.” 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளை அவர் படித்திருக்க மாட்டார், ஆனால் அந்த விதிகள் அவர் கைகளில் இருக்கின்றன. அம்மா, உங்களுக்கும் சொல்கிறேன். ஒப்பந்த ஊழியர்தானே என்று உங்களை நீங்களே ஓரம் கட்டாதீர்கள். ஊசி தவறான பையில் விழுந்தால் முதலில் குத்துவது உங்கள் விரலைத்தான். அதனால் தவறாகப் போடுபவர் யாராக இருந்தாலும், மருத்துவராகவே இருந்தாலும், “சார், இது இந்த டப்பாவில் வரணும்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்!

பிரசவ அறையில் ஒரு பொம்மையை நீட்டி, “குழந்தை அழவில்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார்கள். புத்தகத்தில் படித்த பதில் அங்கே செல்லாது. துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டிப் பார்த்து, மூச்சு வராவிட்டால் பிறந்த முதல் நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கில் (கையால் அழுத்தி மூச்சுக்காற்று தரும் பையில்) காற்று செலுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். முகமூடி சரியாகப் பொருந்துகிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கை தானாகச் செய்ய வேண்டுமானால் வாரம் ஒரு நாள், ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு, பத்து நிமிடம் பயிற்சி போதும். செய்யுங்கள். ஆய்வாளருக்காக அல்ல, என்றைக்கோ ஒரு நள்ளிரவில் நீலம் பாய்ந்து பிறக்கப்போகும் பிள்ளைக்காக.

“எங்களிடம் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பழுது, பிரசவ அறையில் முழங்கையால் திறக்கும் எல்போ டேப் ஒழுகுகிறது, மூன்று செவிலியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர், நாங்கள் எப்படி நிமிர்ந்து நிற்பது?” என்கிறீர்களா? நியாயமான கோபம். அந்தக் கோபத்தைப் பெருமூச்சாக விட்டுவிடாதீர்கள், எழுத்தாக்குங்கள். பழுதை மறைக்கத் திரை போடுபவர் ஆய்வு முடிந்ததும் அதே பழுதோடுதான் குடித்தனம் நடத்துவார். எழுதிக் கொடுத்தவரிடம் ஆதாரம் இருக்கிறது. ஆய்வில் தெரியும் குறை, இடைவெளி என்று பதிவாகும். யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று திட்டம் போடும் கடமை அதன்பின் நிர்வாகத்தைச் சேரும். ஆண்டுக்கணக்கில் கெஞ்சியும் வராத புது ஆட்டோகிளேவை அந்தக் காகிதத்தின் பலத்தில் கேளுங்கள்.

நோயாளிகளே, நீங்களும் வேடிக்கை பார்க்காதீர்கள். ஆய்வாளர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னார்களா? பரிசோதிக்கும்போது திரை போட்டார்களா?” என்று கேட்டால், “எல்லாம் நல்லா இருக்குங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நல்லதை நல்லது என்றும், குறையைக் குறை என்றும் சொல்லுங்கள். அது உங்கள் ஊர் ஆஸ்பத்திரி. உங்கள் வரிப்பணத்தில் நிற்பது.

சிஸ்டர், நாளைக் காலை பணிக்குப் போனதும் அவசர மருந்துத் தட்டைத் திறந்து ஒவ்வொரு குப்பியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மீட்டரைப் பாருங்கள். குறைவதைப் பட்டியலிட்டு மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். ஆய்வுக்குழு வரும் தேதியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.