திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த கால்கள்

ஆம்பூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஷூவின் மேல்பாகத்தை மடியில் வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டையாக வந்து இறங்கும் வேலை. ஜோடிக் கணக்கில் கூலி. ஊசியைத் தள்ளித் தள்ளி ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகன் வந்தான், யார் முகத்தையும் பார்க்காமல் பையை எறிந்துவிட்டு உள்ளே போனான்.

“ரெண்டு வருசமா இப்படித்தான் சார், எது கேட்டாலும் எரிஞ்சு விழறான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவங்க அப்பா கடன் விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது.”

கதவுத் திரைக்குக் கீழே அவன் கால்கள் தெரிந்தன. அவை அசையவில்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில் உள்ள பேரணாம்பட்டைச் சேர்ந்த எழுத்தாளர் அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’ எழுதினார். கைவிட்டுப் போன நிலம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று சொல்லும் நாவல் அது. இந்தப் பகுதியில் அப்பாவின் கதை தெரியாமல் பிள்ளையின் கோபம் புரியாது. அமெரிக்காவில் எஸ்.இ. ஹிண்டன் பள்ளியில் படிக்கும்போதே ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதினார். 1967இல் அது வெளிவந்தது. முரட்டுப் பையன்களின் வலியை அவர்கள் வயதிலேயே இருந்த ஒருவர் சொன்னார். நம்மிடம் குழந்தைகளுக்குக் கதை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கும் பதினான்கு வயதுக்கு என்ன இருக்கிறது? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை.

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எத்தனையோ வீடுகளில் வேலை உடம்போடு வீடு திரும்புகிறது. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பிலும் குரோமிலும் ஊறிய கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கு வாசனை தெரியும். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் எத்தனை பிள்ளைகள், வேலைக்குக் கிளம்பும் அப்பாவை ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்!

பிள்ளை மனசு நோகக் கூடாதென்று பெரியவர்கள் மறைக்கிறார்கள். அவர்கள் மனசு நோகக் கூடாதென்று பிள்ளை தெரியாததுபோல் இருக்கிறான். வீட்டின் ரகசியத்தைக் கடைசியில் காவல் காப்பவன் அவன்தான். பெற்றவர்களின் பொய்யைக் கலைக்காமல் காப்பாற்றுகிற அந்தப் பாரத்துக்குத்தான் நாம் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் எழுந்தபோது அந்த அம்மாவின் ஊசியில் நூல் தீர்ந்திருந்தது. அவன் வெளியே வந்தான். ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கினான், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூல் கோத்தான், அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.