பொன்னாடையும் நிலுவைக் கணக்கும்



குபெர்டினோ மெமோரியல் பூங்காவில் இரண்டு போர்வீரர்களின் வெண்கலச் சிலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இவ்வூர்ப் பிள்ளை மத்தியூ ஆக்சல்சன். 2005 ஜூன் 28ஆம் திகதி ஆப்கானிஸ்தானில் 29 வயதில் உயிர் நீத்தவர். 2007இல் சிலை வைத்தார்கள். இளமையில் மாண்ட வீரனுக்குச் சிலை உண்டு. உயிர் தப்பி, முதுமை அடைந்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் வீரனுக்கு என்ன உண்டு?

இக்கேள்வி எமக்குச் சும்மா எழவில்லை. மண்டப வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பெரியவர், இந்தியப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று பேச்சு வந்தபோது நாம் வாய் திறக்கவில்லை. சீருடையைக் கண்டால் வேலியோரம் ஒளியும் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாம். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை எங்கள் மண்ணில் நின்றது. அதில் இவரும் இருந்தாரோ என்ற ஐயம் மனத்தை விட்டுப் போகவில்லை.

அவர் 1971இல் கிழக்கு எல்லையில் இளம் சிப்பாயாக நின்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வாண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் அகதிகளில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். அகதி ஊர் திரும்புவது எவ்வளவு அரிது என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் போரின்போது தளபதியாயிருந்த மானெக்சாவின் கணக்கையும் பாருங்கள். 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அப்பதவிக்கு ஓய்வு கிடையாது. ஆயுள் முழுவதும் சம்பளம் உண்டு. ஆனால் அந்தச் சம்பள நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், அவர் கைக்கு வந்தது 2007இல், தொண்ணூறைத் தாண்டிய பின். மறு ஆண்டு ஜூன் 27இல் நீலகிரி வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். இறுதிச் சடங்குக்குப் பிரதமரும் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. முப்பத்துநான்கு வருட நிலுவையை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்?

எங்கள் கணக்குத் தொழிலில் ஒரு விதி உண்டு. கொடுக்க வேண்டியதை வரவேண்டியதில் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டக் கூடாது. இரண்டும் ஏட்டில் தனித்தனியே நிற்க வேண்டும். எங்கள் காயம் ஒரு பக்கத்தில் நிற்கட்டும். அதைக் காட்டி மறுபக்கத்தில் உள்ள கடனை அழிக்க எமக்கு உரிமை இல்லை.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். எங்கள் பேச்சிலிருந்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாழ்ப்பாணத்தில் பத்து மாதம் இருந்தேன் தம்பி. அதற்கும் சேர்த்தா பொன்னாடை?"

"இல்லை ஐயா. 1971க்கு."

சற்று நேரம் எங்களைப் பார்த்தார். "அப்படியென்றால் சரி" என்று சொல்லிவிட்டு, குனிந்து செருப்புகளை அடுக்கத் தொடங்கினார்.