பார்த்தவனும் பட்டவனும்

ஒரு பண்டத்தைத் தின்றால் வயிறு கெடும் என்று சொல்கிறவன் தன் வயிற்றையும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறான். மனம் கெடும் என்று சொல்கிறவர்கள் மட்டும் அப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கு எப்போதும் அடுத்தவன் மனத்தைப் பற்றியே கவலை. பிரிட்டனில் 1980-களில் நடந்த ஒரு விவகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

வீடியோ காஸெட் வீடுகளுக்குள் நுழைந்த புதிது. கொட்டகையில் காட்டும் படத்துக்குத் தணிக்கை உண்டு. வீட்டில் போட்டுப் பார்க்கும் காஸெட்டுக்கு இல்லை. இப்படி ஒரு யந்திரம் வரப்போகிறது என்று பழைய சட்டம் செய்தவர்கள் கனவா கண்டார்கள்? பெரிய பட முதலாளிகள் தங்கள் சரக்கைக் காஸெட்டில் விடலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில் சின்னக் கம்பெனிகள் முந்திக்கொண்டன. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் சொற்பப் பணத்தில் எடுத்த பயங்கரப் படங்களை வாங்கிவந்து கடைகளில் அடுக்கினார்கள். படம் எப்படியோ, அட்டை பிரமாதம். ‘டிரில்லர் கில்லர்’ என்ற படத்தின் அட்டையில் ஒரு மனிதனின் நெற்றியில் துளைபோடும் யந்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். 1982-ல் அதைப் பத்திரிகை விளம்பரமாகவே போட்டார்கள். புகார் வராமல் இருக்குமா?

‘வீடியோ நாஸ்டி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. ‘அசிங்க வீடியோ’ என்று நாம் வைத்துக்கொள்ளலாம். போலீஸார் கடைகளில் புகுந்து காஸெட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சர்க்கார் தரப்பில் வழக்குத் தொடரும் இலாகா ஒரு பட்டியல் தயாரித்தது. அவ்வப்போது சேர்த்தும் நீக்கியும் வந்த அந்தப் பட்டியலில் இடம்பெற்ற படங்கள் மொத்தம் 72. வழக்கு ஜயித்தவை 39. கடைசியில் 1984-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே நிறைவேறியது. ஆனால், அதை ஐரோப்பியக் கமிஷனுக்கு முறைப்படி அறிவிக்க மறந்துவிட்டார்கள். 25 வருஷம் கழித்து, 2009-ல், யாரோ ஓர் அதிகாரி கோப்பைப் புரட்டியபோதுதான் அது வெளிப்பட்டது. 2010 ஜனவரியில் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றினார்கள். பிறர் ஒழுக்கத்தைக் காக்கப் புறப்படுகிற அவசரத்தில் தபால்தலை ஒட்ட மறந்துபோகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புத்தகமோ படமோ குற்றமுள்ளது என்று தீர்மானிக்க 1959-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. அதைப் பார்க்கக்கூடியவர்களின் மனத்தைக் கெடுத்து, நடத்தையைச் சீரழிக்கக்கூடியதா என்பதே அந்த அளவுகோல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் மனம்? அந்த 72 படங்களையும் உட்கார்ந்து பார்த்த அதிகாரிகளின் மனம் கெட்டதாக எந்த ரிகார்டும் இல்லை. ஜூரிகளுக்கும் போட்டுக் காட்டினார்கள். அவர்களும் சௌக்கியமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். கெடப்போகிறவன் எப்போதும் கோர்ட்டுக்கு வெளியே, அடுத்த தெருவில், கொஞ்சம் குறைந்த படிப்பும் கொஞ்சம் குறைந்த சம்பளமும் உள்ளவனாக இருக்கிறான். இதே சட்டத்தின்கீழ் 1960-ல் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ என்ற நாவல் மீது வழக்கு நடந்தது. சர்க்கார் தரப்பு வக்கீல் மெர்வின் கிரிஃபித்-ஜோன்ஸ் ஜூரிகளைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க விரும்புவீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். ஜூரிகளில் மூவர் பெண்கள்! அவர்களுடைய மனைவிமார் யாரோ? வழக்குத் தோற்றது. ஆனால் அந்தக் கேள்வி சாகவில்லை. 20 வருஷம் பொறுத்திருந்து காஸெட் கடைக்குள் நுழைந்தது.

இந்தக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர் மேரி ஒயிட்ஹவுஸ் என்ற அம்மையார். இத்தகைய படம் ஒன்றையும் தாம் பார்த்ததில்லை, பார்க்க அவசியமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. சாக்கடை நாறுகிறது என்று சொல்ல அதில் இறங்கிக் குளித்தாக வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது சிரமம். சிரிப்பு வருவது வேறு இடத்தில். பள்ளிக்கூடத்துச் சிறுவர்களில் இத்தனை பேர் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று ஒரு கணக்கு வெளியாகித் தேசம் பதறியது. சந்தேகப்பட்ட ஆராய்ச்சியாளர் சிலர், இல்லாத படங்களின் பெயர்களைக் கற்பனை செய்து பட்டியலில் கலந்து சிறுவர்களிடம் கொடுத்தார்கள். பையன்கள் அந்தப் படங்களையும் பார்த்ததாகக் குறிபோட்டுக் கொடுத்தார்கள். பார்க்காத படத்தைப் பார்த்தேன் என்று பீற்றிக்கொள்ளாத பையனும் ஒரு பையனா?

இவ்வளவு படித்ததும், ‘ஆகவே சுதந்திரமே உத்தமம், தணிக்கை ஒழிக’ என்று நான் முடிக்கப் போவதாக நேயர்கள் எண்ணலாம். அந்தக் கட்சியும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அவர்கள் வாதம் இது: எல்லாம் பொய் ரத்தம், பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்?

பொய் ரத்தம் என்பது பெரும்பாலும் வாஸ்தவம். பட்டியலில் பேர் கெட்ட படங்களில் ஒன்று ‘ஈவில் டெட்’. ஸாம் ரைமி என்ற 20 வயதுப் பையனும் அவன் தோழர்களும், பல் டாக்டர்களையும் தெரிந்தவர்களையும் கெஞ்சிப் பணம் சேர்த்து, 1979-80 குளிர்காலத்தில் அமெரிக்காவின் டென்னஸி ராஜ்யத்துக் காட்டுக் குடிசை ஒன்றில் எடுத்தார்கள். குடம் குடமாகக் கொட்டிய ரத்தம் மக்காச்சோளப் பாகும் சாயமும் சேர்த்துக் கிண்டியது. கதாநாயகனாக நடித்த புரூஸ் காம்ப்பெல், பாகில் ஊறிய சட்டையை நெருப்பருகே உலர்த்திவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளப் போனபோது அது அப்பளம்போல் நொறுங்கிவிட்டதாம். இந்தப் படத்துக்காகத்தான் கடைக்காரர்கள் கோர்ட்டில் நின்றார்கள்! 2001-ல் பிரிட்டிஷ் தணிக்கைச் சபையே ஒரு துண்டும் வெட்டாமல் இதை அனுமதித்தது. நானும் கதைகளில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன். சிலரை ஆசிரியர் பக்கத்தைச் சுருக்கச் சொன்னார் என்பதற்காகவே கொன்றிருக்கிறேன். மையைத் தவிர வேறொன்றும் சிந்தியதில்லை. ஆகவே ‘ஈவில் டெட்’ மீது கல்லெறிய எனக்கு யோக்யதை கிடையாது.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு பெயர் இருக்கிறது: ‘கானிபல் ஹாலோகாஸ்ட்’. இத்தாலிய டைரக்டர் ருஜ்ஜேரோ டியோடாட்டோ 1979-ல் கொலம்பியாவின் அமேஸான் காட்டில் எடுத்து, 1980-ல் வெளியிட்டது. காட்டுக்குள் போன நான்கு படப்பிடிப்பாளர்கள் திரும்பவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற பிலிம் சுருள் மட்டும் கிடைக்கிறது என்பது கதை. நடித்தவர்கள் நிஜமாகவே செத்துப்போனார்கள் என்று ஜனங்கள் நம்பவேண்டும் என்பதற்காக, ஒரு வருஷம் எங்கும் தலைகாட்டக்கூடாது என்று நடிகர்களிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். தந்திரம் அளவுக்கு மீறிப் பலித்தது. இத்தாலியில் படத்தைப் பறிமுதல் செய்து, டைரக்டர் மீது கொலைக் குற்றமே சாட்டினார்கள். அவர் நடிகர்களைத் தேடிப் பிடித்து, உயிரோடு கொண்டுவந்து காட்டித் தப்பினார்.

மனிதர்கள் சாகவில்லை. ஆனால் காமிராவுக்கு முன்னால் ஒரு பெரிய ஆற்று ஆமை செத்தது. கோவாட்டி என்கிற, கீரிபோல் நீண்ட மூக்குள்ள ஒரு சிறு பிராணி செத்தது. ஒரு பாம்பு, ஒரு சிலந்தி, ஒரு பன்றி, ஒரு குரங்கு, எல்லாம் நிஜமாக. படத்தில் நடித்தவர்களில் ஒருவர் கோவாட்டியைக் கொல்வதைச் சகியாமல் படப்பிடிப்பை விட்டு நடந்தார். ஆமையை அறுத்துக் காட்டிய இளைஞர் காட்சி முடிந்ததும் அழுதாராம். கோர்ட்டு நடுங்கியது சாகாத மனிதர்களுக்காக, செத்ததோ வேறு. (கொலைக் குற்றம் விழுந்த பிறகு விலங்கு வதைக்காக அந்தப் படத்துக்குத் தடை நீடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

குரங்கு விஷயத்தில் ஒரு விவரம் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து என்னை அது விடவில்லை. அந்தக் காட்சியை இரண்டு தடவை எடுத்தார்கள். ஆகவே குரங்குகள் இரண்டு.

நடிகர் வசனத்தைத் தப்பாகச் சொன்னால் இன்னொரு தடவை எடுப்பார்கள். வெளிச்சம் போதாவிட்டால் எடுப்பார்கள். படம் பிடிக்கிறவர்களுக்கு இது மூச்சு விடுவதைப்போல் சகஜம். முதல் குரங்கைப் பற்றி ஏதாவது சமாதானம் சொல்லலாம்: காட்டு ஜனங்கள் எப்படியும் வேட்டையாடித் தின்கிறவர்கள், செத்ததை அவர்களே சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று. கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்று நம்மிடமும் ஒரு சமாதானம் இருக்கிறதே! இரண்டாவது குரங்குக்கு அதுவும் இல்லை. அது பசிக்காகச் சாகவில்லை. முதல் சாவு கண்ணுக்கு அவ்வளவு திருப்தியாக அமையவில்லை என்பதற்காகச் செத்தது. யார் கண்ணுக்கு? பல வருஷங்களுக்குப் பின் எங்கோ ஓர் ஊரில், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காஸெட்டைப் போடப்போகிற ஒருவனின் கண்ணுக்கு.

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் சந்தைக் கணக்கு ஒன்று போடுகிறார். தின்கிறவன் இல்லையென்றால் விற்கிறவனும் இல்லை என்பது அதன் சாரம். வாங்குகிறவனுக்கும் கத்திக்கும் உள்ள உறவை இத்தனை துல்லியமாகச் சொன்னவர் அபூர்வம். ஆனால் படத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறதா என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். இன்று நான் இறைச்சி வாங்கினால் நாளை இன்னோர் ஆடு விழும். இன்று நான் அந்தப் படத்தை வாங்கினால் 1979-ல் செத்த ஆமை மறுபடி சாகாது. ஆயிரம் பேர் பார்த்தாலும் ஆமை ஒன்றுதான். அப்படியானால் பார்க்கிறவன் நிரபராதியா?

இதற்கு மாற்றாக இன்னொரு கதை. 1976-ல் நியூயார்க்கில் ‘ஸ்னஃப்’ என்ற படத்தைத் திரையிட்டார்கள். ஆலன் ஷாக்கிள்டன் என்ற வியாபாரி, அர்ஜென்டினாவில் எடுத்து விலைபோகாமல் கிடந்த ஒரு மட்டமான படத்தை வாங்கி, கடைசியில் ஒரு பெண்ணைக் கொல்வதுபோல் சில நிமிஷங்கள் ஒட்டவைத்து, கொலை நிஜம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்தார். பெண்கள் சங்கங்கள் வாசலில் மறியல் செய்தன. சர்க்கார் வக்கீல் விசாரித்ததில், கொலையுண்டதாகச் சொன்ன நடிகை சுகமாக இருந்தாள். அந்தப் படத்துக்காக ஒரு கோழிக்கும் ரோமம் உதிரவில்லை. ஆனாலும், நிஜமாகவே ஒருத்தி சாவதைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினானே, அவனை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. பொய் என்று தெரிந்து ஏமாந்தபோது அவன் வருந்தியிருப்பானா, நிம்மதி அடைந்திருப்பானா? வருந்தியிருந்தால், அவனைக் காப்பாற்றியது அந்த வியாபாரியின் மோசடிதான். ‘ஈவில் டெட்’ பார்த்துக் கூச்சல் போட்டுச் சிரிக்கிற காலேஜ் பையன் இவனுக்கு உறவே இல்லை. பாகு என்று தெரிந்துதான் அவன் சிரிக்கிறான். சட்டம் இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்தியது.

மலிவுப் படம் என்பதால்தான் இந்தக் கொடுமை என்று நினைப்பதும் தவறு. 1936-ல் ஹாலிவுட்டில் பெரும் செலவில் எடுத்த ‘சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படத்தில் ஓடுகிற குதிரைகளின் காலைக் கம்பியால் இடறி விழவைத்தார்கள். பல குதிரைகள் மாண்டன. ‘அபோகலிப்ஸ் நௌ’ என்ற படத்தில் ஓர் எருமையை நிஜமாகவே வெட்டிச் சாய்க்கிறார்கள். அது பிலிப்பைன்ஸ் மலைஜாதியார் தங்கள் சடங்கில் கொடுத்த பலி. படக்காரர்கள் அதைக் காமிராவில் பிடித்தார்கள். 1979-ல் கான் விழாவின் முதல் பரிசில் பாதி அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கானில் எருமைக்குக் கைதட்டல், கடையில் ஆமைக்குப் போலீஸ்.

இந்த விஷயத்தில் சரியான கேள்வியைக் கேட்ட சட்டம் ஒன்று பிரிட்டனிலேயே 1937 முதல் இருந்து வந்தது. படம் எடுக்கும்போது விலங்கைக் கொடுமைப்படுத்தியிருந்தால் அதைக் காட்டக்கூடாது என்பது அதன் விதி. பார்க்கிறவன் மனம் என்ன ஆகும் என்று அது கேட்கவில்லை. பட்ட உயிருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறது. தணிக்கைச் சபை இந்த அளவுகோலைக் காஸெட்டுகளுக்கும் வைத்துப் பார்க்கிறது. 2011-ல் ‘கானிபல் ஹாலோகாஸ்ட்’ மறுபடி தணிக்கைக்கு வந்தபோது, மனிதர்களைக் கொல்வதாக நடித்த கோரங்களை எல்லாம் விட்டுவிட்டு, கோவாட்டி சாகும் சுமார் 15 வினாடிகளை மட்டும் வெட்டினார்கள். மற்றப் பிராணிகள் சீக்கிரம் செத்துவிட்டன, இது மட்டும் வதைபட்டுச் செத்தது என்பது அவர்கள் கணக்கு. ஆமையைப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

டியோடாட்டோ பிற்காலத்தில் அந்த விலங்குகளைக் கொன்றதற்காக வருத்தம் தெரிவித்தார்; 2022-ல் காலமானார். 2005-ல் அமெரிக்காவில் இந்தப் படம் டிவிடி தட்டாக வந்தபோது, விலங்கு வதை இல்லாமல் பார்க்கவும் அதில் ஒரு வசதி வைத்தார்கள். முதலிலேயே தட்டு கேட்கிறது: வதையோடா, வதை இல்லாமலா? ஹோட்டலில் சர்க்கரை போட்டா, போடாமலா என்று கேட்பதைப் போல. நான் வதை இல்லாததைத்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று அதனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கியது. குரங்குகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.