பூட்டும் மணியும்

1996ஆம் ஆண்டு. நாம் அப்போது பொறுப்பு வகித்த அலுவலகத்தில் புதிதாக ஒரு தொலைபேசி இணைப்பகம் நிறுவப்பட்டது. சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று. வெளியிலிருந்து அதனுள் வந்து சேரும் 4 தொலைபேசித் தடங்கள். அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் 24 கிளை இணைப்புகள். அலுவலகங்களில் 'இண்டர்காம்' என்று சுருக்கமாக வழங்கப்படும் ஏற்பாடு அது. கம்பிகளையெல்லாம் இழுத்து முடித்த பின், அதனை நிறுவ வந்த இளைஞர் கட்டம் போட்ட தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். "எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எதுவரை அனுமதி என்று குறித்துக் கொடுங்கள் சார். அப்படியே புரோகிராம் செய்துவிடுகிறேன்" என்றார்.

தாளின் இடப்பக்கத்தில் கிளை எண்கள். மேலே நான்கு தலைப்புகள்: உள் அழைப்பு மட்டும், உள்ளூர், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பென்சிலை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். மேலாளர் அறைக்கு எல்லாம். கணக்கருக்கு எஸ்.டி.டி. வரை, ஆனால் இரகசிய எண்ணோடு. தட்டச்சாளர்களுக்கு உள்ளூர். பண்டகசாலைக்கு உள் அழைப்பு மட்டும். வாயிற்காவலர் கூண்டுக்கு? கை தயங்கவே இல்லை. அதற்கும் உள் அழைப்பு மட்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தொழில்நுட்பக் காரியம் ஒன்றைச் செய்து முடித்ததாகவே அன்று எண்ணினோம். உண்மையில் 24 மனிதரைப் பற்றி 24 தீர்ப்புகளை எழுதியிருந்தோம் என்பது நெடுநாள் கழித்தே நமக்கு உறைத்தது.

பூட்டே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. எஸ்.டி.டி. கட்டணம் ஒரு சிறு அலுவலகத்தின் வரவுசெலவையே தடுமாறச் செய்த காலம் அது. அலுவலகப் பணம் நம்முடைய பணமன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். பிறர் பொருளைக் காவல் காப்பவன் கதவைத் திறந்து போட்டுவிட்டு, 'எல்லாரையும் நம்பினேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்வது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பல்.

அந்தப் பெட்டியின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதற்குக் கட்டளையிடத் தனிக் கருவி தேவையில்லை. குறிப்பிட்ட ஒரு தொலைபேசியிலிருந்து இரகசிய எண்ணை அழுத்தினால், இயந்திரம் கட்டளையை ஏற்கும் நிலைக்கு வந்துவிடும். அதன்பின் அழுத்தும் ஒவ்வோர் எண் வரிசையும் ஒரு கட்டளை: இந்தக் கிளைக்கு இந்த எண், இந்தக் கிளை வெளியே பேசலாம், இந்தக் கிளை பேசலாகாது. இந்தத் தலைமை எண் ஆலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 1234 அல்லது 0000 என்றே இருக்கும், கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். அதனை மாற்றாமல் விட்ட அலுவலகங்கள் எத்தனையோ. மாற்றியவர்களும் தம் பிறந்தநாளையே இரகசிய எண்ணாக்கிக் கொள்வது வழக்கம். நான்கு இலக்கங்களில் 10,000 எண்களுக்கு இடமுண்டு. நாளையும் மாதத்தையும் மட்டும் நம்பினால் அது 366 ஆகச் சுருங்கிவிடும். பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான்.

இந்தக் கவனக்குறைவுக்கு விலை உண்டு. 2008 ஆகஸ்டில், அமெரிக்காவின் கூட்டாட்சி நெருக்கடி மேலாண்மை முகமைக்கு மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் இருந்த அலுவலகத்தில், குரலஞ்சல் அமைப்பின் ஓட்டை ஒன்றின் வழியாக யாரோ உள்ளே புகுந்தனர். ஒரே வார இறுதியில் 400க்கும் மேற்பட்ட அழைப்புகள் ஆசியாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் சென்றன. செலவு ஏறத்தாழ 12,000 டாலர். நாட்டுக்கே பேரிடர்க்காலப் பாதுகாப்பைக் கற்பிக்கும் முகமை அது! எனவே பூட்டு வேண்டும். அதுவும் நல்ல பூட்டாக வேண்டும்.

ஆயினும் பூட்டு என்பது பொருளைக் காப்பதோடு நிற்பதில்லை. அது மனிதரைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. 'உன்னை இதுவரை நம்புகிறேன், இதற்குமேல் நம்பவில்லை' என்கிறது. சுவரில் எழுதிப்போட்டால் நாம் வெட்கப்படக்கூடிய ஒரு வாசகத்தை, இயந்திரத்துக்குள் எண்ணாக எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நேருக்கு நேர் மறுப்பவன் மறுக்கப்பட்டவனின் முகத்தையாவது பார்த்தாக வேண்டும். எண்ணால் மறுப்பவனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 'டொய்ங், டொய்ங்' என்ற ஓசை ஒன்று அவன் சார்பில் மறுத்துவிடும்.

இயந்திரத்தின் இந்த முகமின்மை தற்செயலாக வந்ததன்று. தானியங்கித் தொலைபேசி பிறந்த வரலாற்றிலேயே அது இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் நகரத்தில் இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் தொழில் நடத்தியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். இணைப்பகத்தில் அமர்ந்து கம்பிகளை மாற்றிச் செருகும் பெண், தமக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் ஐயுற்றதாகச் சொல்வர். மனிதக் கை குறுக்கிடாத இணைப்பு முறைக்கு 1891இல் அவர் காப்புரிமை பெற்றார்; அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அம்முறையிலான இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. மனிதரின் ஓரவஞ்சனையிலிருந்து விடுபடவே இயந்திரம் வந்தது. அது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. இயந்திரம் கைக்கூலி வாங்காது, ஆள் பார்த்துப் பேசாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒன்று அதற்கு இல்லை. அவளுக்குக் காது இருந்தது. நடுங்கும் குரல் ஒன்று கேட்டால், விதியை ஒதுக்கிவிட்டு இணைப்பைக் கொடுக்க அவளால் முடிந்தது. இயந்திரத்துக்கு எண் மட்டுமே கேட்கும்.

எண் மட்டுமே கேட்கும் இயந்திரம் என்ன செய்யும் என்பதை 2013 டிசம்பர் 1 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் உலகம் கண்டது. அங்கே ஒரு விடுதி அறையில், பிரிந்து வாழ்ந்த கணவனால் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளுடைய ஒன்பது வயது மகள் அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து, ஆபத்து வந்தால் அழைக்கும்படி தனக்குக் கற்பிக்கப்பட்டிருந்த 911 என்ற எண்ணை அழுத்தினாள். இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் அழுத்தினாள். நான்கு முறை முயன்றாள். வெளித்தடம் கிடைக்க முதலில் 9 ஐ அழுத்த வேண்டும் என்பது அந்த விடுதித் தொலைபேசியின் விதி. அந்தக் குழந்தைக்கு அது தெரியாது.

இதில் எவரைக் குற்றம் சொல்வது? அந்த 9 ஐ வைத்தவர் கொடியவர் அல்லர். விடுதி அழைப்பையும் வெளி அழைப்பையும் பிரித்தறிய ஓர் இலக்கம் தேவைப்பட்டது, வைத்தார். நாம் அன்று பென்சிலால் குறித்ததைப் போலவே அவரும் குறித்திருப்பார். அவர் மனத்தில் வாடிக்கையாளர் இருந்தனர், கட்டணம் இருந்தது, வசதி இருந்தது. விதியை அறியாத குழந்தை ஒன்று அந்தத் தொலைபேசியை எடுக்கக்கூடும் என்ற நினைவு மட்டும் இல்லை. உலகில் நிகழும் தீங்குகளுள் பெரும்பகுதி தீய எண்ணத்தால் விளைவதன்று. நினைத்துப் பார்க்கப்படாத ஒருவர் மீது நல்ல விதி ஒன்று போய் விழுவதால் விளைவது.

கொல்லப்பட்டவளின் தந்தை இதனை விதி என்று விட்டுவிடவில்லை. சட்டத்தை மாற்றப் போராடினார். 2018 பிப்ரவரியில் மகளின் பெயரிலேயே 'கேரி சட்டம்' கையெழுத்தாகி, 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அது முதல் அமெரிக்காவில் புதிதாக நிறுவப்படும் பலகிளைத் தொலைபேசி அமைப்புகளில், முன்னிலக்கம் எதுவுமின்றி நேரே 911 ஐ அழைக்க வழி இருந்தாக வேண்டும். அப்படி ஓர் அழைப்பு செல்கிறது என்பதை வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்துக்கு அறிவிக்கும் வசதியும் தேவை என்று சட்டம் கூறுகிறது.

இச்செய்தியைப் படித்த அன்று இரவு நமக்கு அந்தப் பழைய தாள் நினைவுக்கு வந்தது. சில நாள்களில் அந்த அலுவலகத்துக்குச் சென்றோம். பெட்டி மாறியிருந்தது, எண்கள் மாறவில்லை. பழகிப்போன எண்கள் என்பதால், நாம் 1996இல் வகுத்த 101 முதல் 124 வரையிலான வரிசையையே புதிய பெட்டிக்கும் கொடுத்திருந்தனர். மேலாளர் அறை 101. நம் நாட்டில் தீயணைப்புத் துறைக்கும் அதுவே எண். பண்டகசாலை 108. தமிழகத்தில் 2008 முதல் அவசர ஊர்திக்கு நாம் அழைக்கும் எண் அது. தட்டச்சு அறை 112. அனைத்து அவசர உதவிக்கும் ஒரே எண்ணாக இன்று நாடெங்கும் அறிவிக்கப்பட்டிருப்பது அது. நள்ளிரவில் காவலர் மார்பைப் பிடித்துக்கொண்டு 108 ஐ அழுத்தியிருந்தால், பூட்டிய பண்டகசாலையின் இருட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். வெளித்தடத்துக்கான 0 ஐச் சேர்த்து அழுத்தியிருந்தாலும் பயனில்லை. வெளியே பேச அந்தக் கூண்டுக்கு அனுமதி இல்லை. அதனை எழுதியது நம் கை.

இத்தனை ஆண்டுகளில் அப்படி எதுவும் நேரவில்லை. அது நம் முன்யோசனையால் அன்று.

காவலரிடம் சென்று, "இந்தத் தொலைபேசியில் வெளியே பேச முடியாது என்பது தெரியுமா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "நான் அதைத் தொடுறதே இல்லீங்க ஐயா. ரிப்பேர்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. இரண்டு மூன்று முறை மறுக்கப்பட்ட மனிதன் நான்காம் முறை கேட்பதில்லை. தனக்குத் தடை இருக்கிறது என்றுகூட அவன் எண்ணுவதில்லை. உலகமே இப்படித்தான் பழுதுபட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறான்.

'இன்று அவரிடம் கைபேசி இருக்கிறதே' என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறது. மின்னேற்றம் தீர்ந்த இரவில் அது என்ன செய்யும்? கைபேசி இல்லாதிருந்த அத்தனை ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

நம் மரபில் ஆராய்ச்சி மணி என்ற ஒன்று உண்டு. மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் அது தொங்கியது என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் கதை. அக்கதையில் மணியை அசைத்தது கன்றை இழந்த ஒரு பசு. இதில் நாம் வழக்கமாகக் கவனிப்பது அரசனின் நீதியை. மணியைச் சற்றே கவனிப்போம். அரண்மனையில் பூட்டுகளுக்குப் பஞ்சமிருந்திருக்காது. கருவூலத்துக்குப் பூட்டு, கோட்டைக் கதவுக்குத் தாழ், அந்தப்புரத்துக்குக் காவல். ஆனால் அந்த ஒரு மணிக்கு மட்டும் அனுமதி தேவையில்லை, மொழி தேவையில்லை, இரகசியச் சொல் தேவையில்லை. வாயில்லாத உயிருக்கும் எட்டும் உயரத்தில் அது தொங்கியது. அதனால்தான் மற்றப் பூட்டுகளும் நியாயமாயின.

கொடிய தேவை வந்துற்ற இடத்தில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்று 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் வாதிட்டார். உடைமையின் உரிமையை அவர் மறுக்கவில்லை; அதற்கு ஓர் எல்லை வகுத்தார். பூட்டுக்கும் அந்த எல்லை பொருந்தும். செலவை மிச்சப்படுத்தப் பூட்டலாம். உயிரின் குரலைப் பூட்டலாகாது. அத்துடன், ஒரு விதி நல்லதா என்று அறிய, அதனை நன்கறிந்தவரை வைத்துப் பார்த்தல் போதாது. அதனை அறியவே அறியாத ஒருவர், அச்சத்தில் நடுங்கும் விரல்களோடு வந்து நின்றால் அவருக்கு அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

அன்று அந்த அலுவலகத்தார் நம் சொல்லைக் கேட்டனர். கிளை எண்கள் 201 முதல் 224 வரை என மாற்றப்பட்டன. 100, 101, 108, 112 ஆகிய நான்கும் எந்தத் தொலைபேசியிலிருந்தும், எந்த முன்னிலக்கமும் இன்றி, நேரே வெளியே செல்லும்படி எழுதப்பட்டன. எஸ்.டி.டி. பூட்டும் இரகசிய எண்களும் அப்படியே இருக்கின்றன. தலைமை எண் மட்டும் எவர் பிறந்தநாளுமாக இல்லை. வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் பூட்டுகள் பெருகிவருகின்றன. அனுமதிச் சீட்டு, அடையாள எண், கடவுச்சொல், முன்பதிவு, பார்வையாளர் நேரம் என ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு பென்சிலால் குறித்திருக்கிறார். அந்தப் பென்சில் நம் கைக்கு வரும் நாளில், தாளில் பெயரில்லாத அந்த ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். பூட்டுவதற்கு முன், மணி எங்கே தொங்குகிறது என்று கேட்போம்.