மன்னிப்பும் மூன்று வருஷமும்



உபவாச ஜெபம் முடிந்தபின் ஒரு சகோதரி கண்ணீரோடு வந்தார்கள். மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணத்தை, அவசரம் என்று கேட்ட சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டார்கள். "இப்ப போனையே எடுக்க மாட்டேங்குறா பாஸ்டர். நான் மன்னிச்சிட்டேன். விசுவாசி கோர்ட் படி ஏறலாமா?" நான் முதலாவது கேட்டது, புரோநோட்டில் என்ன தேதி என்றுதான். மூன்று வருஷம் நிறைவதற்கு இன்னும் நாலே மாதம்!

தேவபிள்ளைகளே, மன்னிப்பு இருதயத்தின் காரியம், அதற்குக் கெடு இல்லை. கடனுக்கு உண்டு. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின்படி, தவணை தேதி குறிக்காத புரோநோட்டானால் எழுதிய தேதியிலிருந்தும், கைமாற்றானால் கொடுத்த நாளிலிருந்தும் 3 வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போடவேண்டும். "தரேன் தரேன்" என்ற வாய்ப்பேச்சு அந்தக் கெடுவை நீட்டாது. கெடு முடியுமுன்னே, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாய் 3 வருஷம்.

1 கொரிந்தியர் 6-ஐச் சிலர் நீட்டுவார்கள். அங்கே பவுல் கடிந்துகொள்வது சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதை. அதே பவுல் தன் நியாயத்துக்காக இராயனிடத்தில் மேல்முறையீடு செய்தார் (அப். 25). இரண்டு பேரும் விசுவாசிகளானால் மத்தேயு 18-ன்படி முதலில் தனியே, பின்பு சாட்சிகளோடு, பின்பு சபையில் பேசுங்கள். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டத்தின் கடிகாரம் நிற்காது.

போலீசுக்கே போகலாமா? வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. பழைய 420, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் இருக்கிறது. பொய்க் காகிதம் காட்டி வாங்கியிருந்தால் புகார் கொடுங்கள். நேர்மையாய் வாங்கிப் பிறகு கொடுக்க முடியாமற்போனவரை மோசக்காரர் என்று கோபத்தில் கூட்டி எழுதாதிருங்கள். அது பொய்ச்சாட்சி.

செக் வாங்கியிருந்தால் வழி வேறு. அது திரும்பிவந்த தகவல் பேங்கிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் (138-வது பிரிவு). கர்நாடகாவில் வீடு கட்டின ஒருவர், தன் இஞ்சினியரிடம் 45,000 ரூபாய் கைமாற்று வாங்கி செக் கொடுத்தார். பிறகு பேங்கில் சொல்லி அதை நிறுத்திவிட்டார். "செக் தொலைஞ்சுபோச்சு" என்பது அவர் வாதம். கீழ்க்கோர்ட் விடுவித்தது, ஹைகோர்ட் தண்டித்தது. 2010-ல் உச்சநீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. கையெழுத்து தன்னுடையதானால், கடன் இல்லையென்று காட்டுகிற பாரம் செக் கொடுத்தவர்மேல் என்றது. 45,000 ரூபாய்க்கு ஒன்பது வருஷம் அலைச்சல், அதையும் எண்ணிப்பாருங்கள்.

ஒன்றும் எழுதி வாங்கவில்லையா? பேங்க் கணக்குச் சீட்டு, வாட்ஸ்அப்பில் அவர் ஒத்துக்கொண்ட வார்த்தை எதையும் அழிக்காதிருங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று சகோதரிகள் சோர்ந்துபோக வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவானாலும் ஸ்திரீகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனைக்குப் பஸ் ஏறினால் ஹைகோர்ட் வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. லோக் அதாலத்தில் சமாதானமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

புரோநோட்டோ செக்கோ வைத்திருக்கிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு எடுத்து வாருங்கள். முதலில் தேதியைப் பார்ப்போம், பிறகு முழங்கால்படியிடுவோம்.