முகப்பருவும் நற்காட்சியும்

உடம்பு தூய்மையற்றது, நிலையற்றது என்று பன்னிரு சிந்தனைகளின் வழியே எண்ணிப் பழகுமாறு கற்பிப்பது நம் அறம். அவ்வாறிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளை தன் முகத்தில் தோன்றிய பருக்களை எண்ணி வருந்துவதும், பெற்றோர் அதற்கு மருந்து தேடுவதும் உடற்பற்றை வளர்ப்பன ஆகாவோ என்னும் ஐயம் நம் இல்லங்களில் எழுவதுண்டு. அழியும் உடம்புக்காகவா இத்துணைக் கலக்கம் என்று பெரியோர் ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் உண்டு. அச்சொல் அறத்தின்பாற்பட்டதுதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழ்வோர் தோல் நோய் தரும் மனத்துயரை நன்கறிவர். அவ்வூர்ச் சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணை, தோல் நோய் தீர வேண்டி மேனியிற் பூசிக்கொள்வது நெடுநாளாய் நிலவும் வழக்கம். பிற சமயத்தாரின் நம்பிக்கையை எடைபோடுவது நம் நோக்கமன்று. ஆயின் அவ்வழக்கம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. உள்ளுறுப்பின் நோயைப் பிறர் அறியார். தோலின் நோயோ அனைவர் கண்முன்னும் நிற்கும். ஆகவே அத்துன்பத்தில் ஒரு பங்கு நோயுற்றவரின் உடலில் உள்ளது. மற்றொரு பங்கு காண்பவரின் பார்வையில் உள்ளது.

முகப்பரு எவ்வாறு தோன்றுகின்றது? இளமைப் பருவத்தில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இருபாலரிடத்தும் பெருகுகின்றது. அதனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. உதிர வேண்டிய தோல் அணுக்கள் மயிர்க்கால்களின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் நுண்ணுயிர்கள் பெருகவே, தோல் சிவந்து வீங்கிச் சீழ் கொள்கின்றது. கரும்புள்ளியின் கருமையும் அழுக்கன்று. அடைபட்ட பொருளிலுள்ள நிறமி காற்றுப்பட்டுக் கறுத்ததே அது. எனவே முகம் கழுவாச் சோம்பலோ, ஒழுக்கக் குறைவோ, தீய எண்ணமோ இதற்குக் காரணம் அல்ல. இதனை அறியாது பிள்ளைகளைக் கடிந்துரைப்பது அநீதியாகும்.

அவரவர் வினைப்பயன் என்று கூறி ஒதுங்குவாரும் உளர். உடலின் அமைப்பு நாமவினையாலும், துன்ப நுகர்ச்சி அசாதா வேதனீயத்தாலும் அமைகின்றன என்பது நம் ஆகமக் கொள்கையே. எனினும் வினைக்கொள்கை, ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்காக அருளப்பட்டது. பிறர் துன்பத்தின் முன் கைகட்டி நிற்பதற்காக அன்று. அவ்வாறு நிற்பதே முறையாயின், ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்துக்கு இடமே இராது. நோயுற்றார்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கவும் மாட்டாது.

உடம்பின் தூய்மையின்மையைச் சிந்திக்குமாறு கூறிய அதே அறம், நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாக நிர்விசிகித்சையையும், அதாவது அருவருப்புக் கொள்ளாமையையும் வைத்தது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது தன் உடம்பின்மேல் உள்ள பற்றை அறுப்பதற்கு. பின்னது பிறர் உடம்பின்மேல் தோன்றும் வெறுப்பை அறுப்பதற்கு. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில் இவ்வங்கத்துக்கு உத்தாயன மன்னனை எடுத்துக்காட்டினார். உடல் அழுகிய முனிவராக வேடம் பூண்டு வந்த வானவன், உண்ட உணவை உமிழ்ந்தபோதும் அம்மன்னன் முகஞ்சுளிக்கவில்லை. தான் அளித்த உணவில் பிழையுண்டோ என்றே வருந்தினான். பிள்ளைக்குப் பற்றின்மையை உபதேசிக்கும் நாம், நமக்குரிய இவ்வங்கத்தை மறந்துவிடுகிறோம் அன்றோ! சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கும்போது, கல்லின் மேற்பரப்பிலுள்ள வடுக்களை நாம் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. குணத்தையே காண்கிறோம்.

ஆயின் மருந்து தேடுவதிலும் விவேகம் வேண்டும். நாளுக்கு 2 முறை மென்மையான சோப்பால் முகம் கழுவுதல் போதுமானது. அழுத்தித் தேய்ப்பதும் பருவைக் கிள்ளுவதும் வடுவையே தரும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்படுத்தும். தலைக்கு இடும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் காத்தல் நன்று. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பூச்சுகளை மருத்துவர் அறிவுரைப்படி இடலாம். பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் ஆதலின் பொறுமை வேண்டும். கட்டியாகத் திரண்டு வடுவாகும் பருக்களுக்குத் தோல் மருத்துவரை நாடுவதில் காலம் தாழ்த்தலாகாது. கடும் பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யவல்லது. மருத்துவர் கண்காணிப்பின்றி அதனை உட்கொள்ளவே கூடாது. மாத்திரை உறைகள் பல விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. கொல்லாமை நோன்புடையோர் இதனை முன்னரே மருத்துவரிடம் கூறி மாற்றுவழி கேட்டறிதல் தகும்.

நோய் தீர்த்தல் வேறு, நிறம் மாற்றும் வேட்கை வேறு. பருவுக்கென்றும் சிவப்பழகுக்கென்றும் ஸ்டீராய்டு கலந்த பூச்சுகளைத் தாமே வாங்கி இட்டவர்கள், தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் பெருகி அல்லலுற்றனர். அதனாலேயே 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்குமாறு விதித்தது. முன்னதை நாடுவது உடலைப் பேணும் கடமை, பின்னதே பற்று.

துன்பத்தின் அளவைப் பருக்களின் எண்ணிக்கையால் அளத்தல் இயலாது. சில பருக்களே உடைய பிள்ளையும் பெரிதும் மனம் உடைந்திருத்தல் கூடும். கண்ணாடியைத் தவிர்ப்பதும், பள்ளி செல்லத் தயங்குவதும், ஊணும் உறக்கமும் குன்றுவதும் பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டிய குறிகள். திருமண வீட்டிலும் ஆலயத்திலும் பலர் நடுவே முகத்தைச் சுட்டி வினவுவது அன்பால் எழுந்த வினாவாயினும் அப்பிள்ளைக்கு அம்பாகும். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் இம்சை செய்யாமையே நம் விரதம் எனின், இவ்வினாவை அடக்குதலும் விரதத்தின் பகுதியே.

உடம்பு நிலையற்றது என்னும் உண்மையைப் பிள்ளைகள் உரிய காலத்தில் தாமே உணர்வர். அதுவரை அவர்களை முகஞ்சுளியாது நோக்கி, நல்ல மருத்துவம் அளித்து, நற்காட்சியின் இவ்வங்கத்தை நாம் நம் இல்லத்திலேயே பயிலத் தொடங்குவோமாக.