தீர்ப்பில் இல்லாத தண்டனை

‘கம்பி எண்ணுகிறான்’, ‘களி தின்னப் போயிருக்கிறான்’, ‘மாமியார் வீட்டு விருந்து’ - சிறைப்பட்டவனைப் பற்றி நம் நாட்டிலே வழங்கும் பேச்சு இது. சொல்பவர் சிரிக்கிறார், கேட்பவரும் சிரிக்கிறார். மதிலுக்கு அப்பால் இருப்பவனுக்கும் பசி உண்டு, நோய் உண்டு, நினைத்து ஏங்கத் தாய் உண்டு, மகவு உண்டு என்ற எண்ணம் அந்தச் சிரிப்பிலே கரைந்து போகிறது. சிறையின் மதில் உயரமாக எழுப்பப்பட்டது கைதி தப்பாமல் இருக்க என்கிறார்கள். நம் கண் அங்கே செல்லாமல் இருக்கவும் அதுவே உதவுகிறது!

நாம் எழுப்ப விரும்புவது ஒரே கேள்வி. தண்டனை என்பது எது?

நீதிபதி தீர்ப்பளிக்கிறார்: மூன்றாண்டு, ஏழாண்டு, ஆயுள் முழுதும் என்று. கடுங்காவல் என்றால் உழைப்பும் சேர்கிறது. அவர் பறிப்பது, விரும்பிய இடத்திலே விரும்பியவாறு வாழும் உரிமையை. ‘இவன் இரவிலே கால் நீட்டிப் படுக்கலாகாது’ என்று தீர்ப்பிலே எழுதுவதில்லை. ‘நோய் முற்றிய பிறகு மருந்து தருக’ என்று எழுதுவதில்லை. ‘இன்ன சாதியிலே பிறந்தவன், ஆகவே இவனே கழிவறை கழுவட்டும்’ என்றும் எழுதுவதில்லை. எழுதப்படாத இவற்றையெல்லாம் விதித்தவர் யார்? எந்தச் சட்டப்படி? எந்த அறத்தின்படி?

பழைய நிகழ்ச்சி ஒன்றைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிலே கிடந்தான். தாகம் எடுத்தது; தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை. பின்னர் ஏனோதானோ என்று கொண்டு வந்து தந்தனர். கையிலே வாங்கியவன் பருகவில்லை. மானம் பெரிதென மாண்டான் என்கிறது அப்பாட்டின் அடிக்குறிப்பு. போர்க்களத்திலே தோற்றதற்குரிய தண்டனை சிறை. தண்ணீருக்குக் கையேந்தி நிற்க வேண்டும் என்பது, காவலர் தாமே சேர்த்துக்கொண்ட தண்டனை.

அது மன்னராட்சிக் காலத்துக் கொடுமை, மக்களாட்சியிலே நடக்குமா என்று கேட்போர் 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டிலே பழங்குடி மக்களிடையே வாழ்நாளைக் கழித்த பாதிரியார் ஸ்டான் சாமி, அந்த ஆண்டு அக்டோபரில் கைது செய்யப்பட்டார். வயது எண்பத்து மூன்று. நடுக்குவாத நோயால் கைகள் ஆடின; குவளையை ஏந்திப் பருக இயலவில்லை. உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். ஒரு குழல்! அதற்கு எதிர்த்தரப்பு பதில் சொல்ல இருபது நாள் தவணை! 2021 ஜூலை 5-ஆம் நாள், ஜாமீன் கேட்டு நின்ற நிலையிலேயே, மும்பை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மீதான குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. நீதிமன்றமும் கூறவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. தீர்ப்பு வரவில்லை, தண்டனை மட்டும் வந்துவிட்டது.

பெயர் தெரிந்த ஒருவருக்கு நேர்ந்தது இது. பெயர் தெரியாதவர் எத்தனை பேர்? அரசாங்கமே தந்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளிலே இருந்தவர் 5,73,220 பேர். அச்சிறைகள் கொள்ளக்கூடியவரோ 4,36,266 பேர்தான். நூறு பேர் படுக்க வேண்டிய இடத்திலே நூற்று முப்பத்தொருவர். இருப்பவருள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கும் மேல், விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் இறுதியாகச் சொல்லாதவர்கள்!

அவர்கள் நாள் எப்படிக் கழிகிறது? விடியலிலே பூட்டுத் திறக்கிறது. ஆடுமாடுகளை எண்ணுவதுபோல் தலைகளை எண்ணுகிறார்கள். கழிவறைக்கு வரிசை, குளிக்க வரிசை, உணவுக்கு வரிசை. தொலைவிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வரும் மனைவி, மனுப் போட்டுக் காத்திருந்து, வலைக்கு அப்பால் நிற்கும் கணவனிடம் சில நிமிடம் கூச்சலிட்டுப் பேசித் திரும்புகிறாள். மாலை மங்குமுன் மீண்டும் எண்ணிக்கை, மீண்டும் பூட்டு. நீண்ட இரவு. நெருக்கத்திலே ஒருவன் புரண்டால் மற்றவன் விழிக்க வேண்டும். நாளை என்ன நடக்கும் என்று அறியாத நெஞ்சுக்கு அந்த இரவு எவ்வளவு நீளம்!

ஜாமீன் இல்லையா என்பீர்கள். உண்டு, பணமும் பிணை நிற்பவரும் உடையவர்க்கு! ஒரே குற்றச்சாட்டு, வசதி உள்ளவன் மாலையிலே வீடு திரும்புகிறான், இல்லாதவன் கொட்டடிக்குள் போகிறான். பீகாரிலே, குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தைவிட நெடுநாள் விசாரணைக் கைதிகளாகவே அடைபட்டுக் கிடந்தோர் கதை, 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் முன் வந்து நாட்டை நாணவைத்தது. வறுமையையே குற்றமாக்கிய ஏற்பாடு அல்லவா இது?

சாதி எங்கே போனாலும் தொடரும் என்போம். சிறைக்குள்ளும் தொடர்ந்தது. சமையலுக்குத் ‘தகுந்த’ சாதியார், துப்புரவுக்கு அத்தொழிலிலே ‘பழகிய’ சாதியார் என்று மாநிலச் சிறைக் கையேடுகளிலேயே அச்சிட்டு வைத்திருந்தார்கள். நம் பாளையங்கோட்டைச் சிறையிலே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்ததும் பேசப்பட்டது. சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கிலே, 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதென அறிவித்தது. பதிவேட்டிலே சாதி கேட்கும் கட்டத்தையும் நீக்கச் சொன்னது. மகிழ்கிறோம். ஆனால் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்தா இந்தத் தீர்ப்பு வர வேண்டும்? இத்தனை காலம் நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்?

இங்கே நம்மையும் நாம் குற்றக் கூண்டிலே நிறுத்தியாக வேண்டும். கொள்கைக்காகச் சிறை சென்றவரை மாலையிட்டு வரவேற்கிறோம். அவர் எழுதும் சிறைக் குறிப்பை நெஞ்சுருகப் படிக்கிறோம். கோவைச் சிறையிலே செக்கிழுத்த சிதம்பரனாருக்காகக் கண்ணீர் விடுகிறோம். விட வேண்டியதுதான். அதே சிறையிலே அடைபட்டிருந்த பெயரறியாத திருடனுக்காக ஒரு சொட்டு விட்டோமா? கல்வியும் சமூக நிலையும் பார்த்து வகுப்புப் பிரித்து, ஒருவருக்குக் கட்டிலும் மேசையும் ஏடும், மற்றவருக்குத் தரையும் தட்டும் என்று வெள்ளையர் வகுத்ததை, வெளியிலே சமத்துவம் பேசியவரும் உள்ளே ஏற்றுக்கொண்டதுண்டு. செக்கு இழிவு என்றால் எல்லா மனிதனுக்கும் இழிவு. தியாகிக்கு ஆகாதது திருடனுக்கு மட்டும் ஆகுமா?

‘கொன்றவனுக்குப் பரிந்து பேசுகிறீர்களே, கொல்லப்பட்டவன் வீட்டு அழுகுரல் உங்கள் செவியில் விழவில்லையா?’ என்பார்கள். விழுகிறது. அந்த வீட்டு விளக்கை அணைத்தவன் தண்டனை பெறட்டும். விதித்த காலம் முழுதும் அடைபட்டிருக்கட்டும். ஆனால் அவன் தட்டிலே புழு விழுந்தால் அந்தத் தாயின் கண்ணீர் நிற்குமா? அவன் நோயிலே துடித்தால் போனவன் திரும்புவானா? அந்தக் குடும்பத்துக்கு உதவி வேண்டும், விரைந்த நீதி வேண்டும். அவற்றைக் கொடுக்க முடியாத நாம், கைதியின் துன்பத்தைக் காட்டி நீதி செய்துவிட்டதாகப் பாசாங்கு செய்கிறோம். அதுமட்டுமா? உள்ளே இருப்பவரில் மிகப் பலர் ஒருநாள் வெளியே வருவர். நம் தெருவிலே நடப்பர். மிருகமாக நடத்தி அனுப்பிவிட்டு, மனிதனாக வரவில்லையே என்று வியக்கலாமா?

கொலைத் தண்டனை பெற்றவனிடமும் மனிதம் மறைந்துவிடுவதில்லை என்பதற்குத் திகார் சிறையே சான்று. அங்கே மரணத்தை எதிர்நோக்கியிருந்த சுனில் பத்ரா, 1979-இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்காக அன்று, வார்டர் ஒருவரின் கொடுமைக்கு ஆளான சக கைதிக்காக! நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றனர். அடிப்படை உரிமைகள் சிறை வாயிலோடு நின்றுவிடுவதில்லை என்று நிலைநாட்டினர். தூக்குக் கயிற்றின் நிழலிலே நின்றவர் அயலான் துன்பத்தைக் கண்டார். வெளியிலே உலவும் நாம் காணவில்லை!

நரகம் என்பது புரோகிதர் கட்டிய கதை என்று மேடைதோறும் முழங்குகிறோம். எண்ணெய்க் கொப்பரையும் நெருப்புக் குழியும் மக்களை அச்சுறுத்தப் பிறந்த கற்பனை என்கிறோம். உண்மை. ஆனால் வானத்திலே இல்லாத நரகத்தை மண்ணிலே நம் வரிப்பணத்தால் நடத்திக்கொண்டிருந்தால், நம் பகுத்தறிவுக்கு என்ன பொருள்? ‘செய்த பாவத்தை அனுபவிக்கிறான்’ என்று பக்தன் சொல்வதற்கும், ‘அவனுக்கு வேண்டியதுதான்’ என்று நாம் சொல்வதற்கும் என்ன வேற்றுமை?

மணிமேகலைக் காப்பியத்திலே ஒரு காட்சி உண்டு. சிறைக்கோட்டத்திலே பசித்துக் கிடந்தோருக்கு மணிமேகலை உணவூட்டுகிறாள். வேண்டுவது யாது என்று மன்னன் கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை நாம் நம்பவில்லை, நம்பவும் வேண்டாம். ஆனால் அந்தக் கோரிக்கை கற்பனை அன்று. அதை நிறைவேற்ற அற்புதம் தேவையில்லை: படுக்க இடம், பருக நீர், உரிய வேளையில் மருந்து, காலம் கடக்காத விசாரணை, உழைப்புக்குக் கூலி, சாதி கேட்காத பதிவேடு - இவை போதும்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ச் சிறையிலே இன்று எத்தனை பேர் தீர்ப்பின்றி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜாமீன் கிடைத்தும் பணமின்றி இருப்பவர் எவர் என்று கேளுங்கள். ‘களி தின்னப் போயிருக்கிறான்’ என்று எவரேனும் சொல்லிச் சிரித்தால், சிரிக்காதீர்கள்.